மூன்று வலது கைகள்

குர்லா கபாடிக் கடையில்
பழைய வாஷிங்மெஷின் மோட்டார் கிலோ கணக்கில்தான்.
நாலு கிலோ முந்நூறு கிராம் என்றான்.
தட்டின் ஓரத்தில் அவன் பெருவிரல் இருந்ததை
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
முந்நூறைத் தள்ளிக் கொடுத்தான்.

துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு
ஹார்பர் லைனில் மான்கூர்த் வரை வந்தேன்.
எதிர் சீட்டுக்காரி குனிந்து
தூங்குதா என்றாள்.
மோட்டார் என்றேன்.
அதற்குப் பிறகு அவள் ஜன்னலைத்தான் பார்த்தாள்.

நான் ரவிக்கை தைப்பவள், சீட்டா கேம்ப்பில்.
புது மீட்டர் மாட்டிவிட்டுப் போனவர்கள் அனுப்பிய பில்லுக்கு
இந்தச் சந்து முழுவதும் ஏசி போட்டுப் படுத்திருக்க வேண்டும்.
சண்டை போட்டேன். கட்டவில்லை.
ஒரு மத்தியானம் வயரை நறுக்கிவிட்டுப் போனார்கள்.
மெஷினுக்கு அதனால் ஒன்றுமில்லை, அது காலால் ஓடும்.
ஊசி விழும் இடத்தில்
ஒரு விரற்கடை வெளிச்சம்,
நான் கேட்டது அவ்வளவுதான்.

எங்கோ கட்டடம் கட்டுகிற இடத்தில் மிஞ்சிய
ஆறங்குல டிரெய்னேஜ் குழாயை
ஆட்டோவில் செருகிக் கொண்டுவந்தான் நாகூர்கனி.
காற்றாடியின் இலை எப்படி இருக்க வேண்டுமென்று
போனில் ஒரு படம் காட்டினான்.
எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
பேப்பரை வெட்டிக் குழாய்மேல் சுற்றியபோது விளங்கிற்று.
தோளில் அகலம், மணிக்கட்டில் ஒடுக்கம்,
ஒரு பக்கம் நேர், மறுபக்கம் வளைவு.
அடப்பாவி, இது கை வெட்டு.
பத்தொன்பது வருஷமாய் வெட்டுகிறேன்.

கத்தரிக்குப் பதில் ரம்பம்.
சாக்பீஸ் கோடு மட்டும் அதே.
மூன்று கை உள்ள ஒருத்தி
அவசரத்துக்குக் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு
பொழுது சாய்வதற்குள் அறுத்து முடித்தேன்.

பத்ராமேல் ஏற்றினோம். சுற்றவில்லை.
நடுங்கியது, குளிர்காய்ச்சல் கண்டவள் மாதிரி.
நாகூர்கனி கீழே நின்று
ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தான்.
"அக்கா, ஒண்ணு மட்டும் ஏன் முறைச்சுக்கிட்டு நிக்குது?"

வலது, இடது, மறுபடி வலது.
பழகிய கை அப்படித்தான் வெட்டும்,
உடம்பென்றால் இரண்டு பக்கம் என்று
அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
காற்றுக்கு மூன்றும் வலது கையாக வேண்டுமாம்.
புதிதாய் ஒன்று அறுத்தேன்.
அந்த இடது கை இப்போது
கூரை ஒழுகும் மூலையில் தண்ணீர் வடிக்கிறது.

எடை குறைந்த கையின் நுனியில்
கோட்டுப் பொத்தான் இரண்டு ஒட்டினோம்.
பழைய டிவி ஒன்றிலிருந்து ஆறு டயோடு.
வாலுக்குத் தகரம் வேண்டியிருந்தது,
கடைப் பலகையை வெட்டிக் கொடுத்தேன்.
'டெய்லர்' என்றிருந்ததில்
'டெய்' மட்டும் வாலில் மிஞ்சிற்று.
காற்று திரும்பும்போதெல்லாம்
அது ஒவ்வொரு வீட்டு வாசலாய்ப் பார்த்து
டெய் என்கிறது.
பின்வீட்டு மராட்டிக்காரர்களுக்கு வாசிக்கத் தெரியாது.
மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

இரண்டரை வோல்ட், என்றான் முதல் நாள்.
எறும்புக்குக்கூட ஷாக் அடிக்காது.
மறுநாள் நாலு மணிக்குமேல் கடல்காற்று ஏறியது.
ஆறு. ஏழரை. ஒன்பது.
அவன் ஆட்டோவிலிருந்து கழற்றிய எல்இடி பட்டை
ஊசிக்கு மேலே மெல்லக் கண் விழித்தது.
பேட்டரி தேறவில்லை.
அதனால் காற்று மூச்சை இழுத்தால் வெளிச்சம்,
விட்டால் மங்கல்.
தையலும் அப்படித்தான் விழுகிறது,
கொஞ்சம் நெருக்கி, கொஞ்சம் தள்ளி.

வயரை நறுக்கிய அன்று பாதியில் நின்ற ரவிக்கையை எடுத்தேன்.
சுகிர்தாவுடையது, வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.
வலது கையை ஏற்றி முடிக்கும்போது
மேலே சத்தம் குறைந்துகொண்டே வந்தது.
பிறகு சத்தமே இல்லை.

பில் அலமாரியில் அப்படியே இருக்கிறது.
ஊசியைத் துணியில் இறக்கிவிட்டு
மிதியில் காலை வைத்தபடி
இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.
இடது கை பாக்கி.